பூட்டிய வீட்டுத் தீனி

எங்கள் தெருவில் எங்கள் வீடு கடைசிக்கு முந்தியது. கடைசி வீட்டில் ஆன்ட்டியும் அங்கிளும் இருந்தார்கள். அதைத் தாண்டினால் வேலிகாத்தான் மண்டிய ஒரு காலி மனை, பிறகு செம்பாக்கம் ஏரிக்கரை. மழைக்காலத்துத் தவளைகளையும் எப்போதாவது தாழப் பறக்கும் விமானங்களையும் விட்டால் அந்தக் கோடியில் சத்தம் என்று பெரிதாக எதுவும் இருக்காது.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய பகல் எனக்கு இரவு. விடியப்போகிற நேரத்தில்தான் லேப்டாப்பை மூடுவேன். காதிலிருந்து ஹெட்போனை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் யாரோ பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். உடனே படுத்தால் தூக்கம் வராது. கணவர் எழுந்து திருமுடிவாக்கத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற வரை காபி டம்ளரோடு மொட்டைமாடியில் நிற்பேன். மகள் ஹாஸ்டலில் இருந்தாள்.

மாடியிலிருந்து பார்த்தால் ஆன்ட்டி வீட்டுப் பின்மதில் தெரியும். அந்த நேரத்தில் ஆன்ட்டி அங்கே பறவைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பார். மதில் மேல் வரிசையாகக் கொட்டாங்குச்சிகள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'த்சு, த்சு, த்சு' என்று மூன்று முறை சொல்லிவிட்டு, கடைசியில் 'வாஆ' என்று இழுப்பார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணீர்க் குரல். ஆனால் அந்த 'வா' மட்டும் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போல மெல்லிசாக வரும். முதலில் மைனாக்கள் இறங்கும். பிறகு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக, கத்திக்கொண்டே. புறாக்கள் கடைசியில்.

அங்கிளுக்கு இது ஆகாது. காரின் மேல் எச்சம், மாடிப்படியில் எச்சம், காயப்போட்ட சட்டையில் எச்சம். "வீட்டைக் கோழிப்பண்ணையாக்கிட்டா, பாரு" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடமே புகார் சொல்வார். ஆன்ட்டி அடுத்த கொட்டாங்குச்சியை நிரப்புவார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஆன்ட்டி போய்விட்டார். முந்தின நாள் மாலை என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் தூக்கத்திலேயே இறந்தார். சர்ச்சில் ஆராதனை, அடக்கம், ஜெபம் எல்லாம் முடிந்ததும் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் அங்கிளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது வெளிகேட்டின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க. உள்ள யாராவது வந்து போற மாதிரி தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. பில்டர் ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கோம், அதுவரைக்கும்தான்."

அங்கிள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, "போயிட்டு வாங்க அங்கிள்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சில நாட்கள் விடியற்காலையில் மாடிக்குப் போகவே கஷ்டமாக இருந்தது. மைனாக்கள் அந்த மதிலில் வரிசையாக வந்து உட்காரும். எல்லாம் ஒரே பக்கமாக, பூட்டிய பின்கதவைப் பார்த்தபடி. ஒன்றும் சத்தம் போடாது. வெயில் ஏறியதும் எழுந்து போய்விடும். பார்க்கப் பொறுக்காமல் என் மாடிச் சுவரில் நானே தீனி வைக்க ஆரம்பித்தேன்.

எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. கையில் கிடைத்ததை வைத்தேன். மீந்துபோன காராசேவு, நமுத்த பிஸ்கட், பிரெட்டின் ஓரத்துண்டு. காக்கைகள் வந்து ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போயின. மைனா ஒன்றுகூட வரவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். உப்பு ஆகாது, எண்ணெயில் பொரித்தது ஆகாது, பிரெட் வெறுமனே வயிற்றை நிரப்பும், சத்து கிடையாது என்றெல்லாம் போட்டிருந்தது. கம்பும் நொய்யரிசியும் வாங்கிவந்து வைத்தேன். புறாக்கள் வந்தன. மைனாக்கள் அப்போதும் வரவில்லை. அந்த மதிலிலேயே இருந்தன.

மாசி கடைசியில் ஒரு நாள் வேலையை முடித்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். இன்னும் சரியாக விடியவில்லை. 'த்சு, த்சு, த்சு' என்று கேட்டது. கொஞ்சம் இடைவெளி. பிறகு, 'வாஆ.'

ஏறிய படியிலேயே நின்றுவிட்டேன். டம்ளரில் இருந்த காபி கையில் சிந்தியது கூடச் சுடவில்லை. மறுபடி கேட்கிறதா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மேலே போய்ப் பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பின்பக்கம் எப்போதும் போல இருட்டாக இருந்தது. முருங்கை மரத்தின் நிழல், பின்கதவுக்கு மேலிருக்கும் சன்ஷேட், மதில். அவ்வளவுதான்.

கணவரிடம் சொன்னேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டவர், "நைட் பூரா காதுல அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா இப்படித்தான் கேக்கும். நீ மொதல்ல தூங்கு" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. தூக்கம் கெட்டவர்களுக்கு என்னென்னவோ கேட்கும் என்று நானே பல ரிப்போர்ட்டுகளில் படித்திருக்கிறேன்.

பங்குனி பிறந்ததும் அந்த மதிலின் மேல் ஒரு கொட்டாங்குச்சியைப் பார்த்தேன். ஆன்ட்டி வைத்த கொட்டாங்குச்சிகளை மகன் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் போனார். இது புதிது. உள்ளே பப்பாளித் துண்டுகள் இருந்தன. வெட்டியவை, தோல் சீவி. இரண்டு மைனாக்கள் தின்றுகொண்டிருந்தன.

"காக்கா எங்கயாவது இருந்து தூக்கிட்டு வந்து போட்டிருக்கும்" என்றார் கணவர்.

"தோல் சீவியா?"

"ஏதாவது ஜூஸ் கடைல போட்டிருப்பாங்க."

அதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும். பக்கத்தில் ஒரு மண்தட்டில் தண்ணீர். வெயில் காலத்துக்கு ஆன்ட்டி இதைத்தான் வைப்பார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பங்குனியில் கம்பைக் குறைத்துவிடுவார். பழமும் தண்ணீரும். தர்பூசணியின் சிவப்பு மீந்த ஓடுகள்.

யார் வைக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று வேலையைக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் மாடிக்கு வரும்போது தீனி ஏற்கெனவே இருக்கும். நான் வருவது தெரிந்து யாரோ ஒரு நிமிஷம் முன்னால் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு முறை மண்தட்டில் தண்ணீர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

சித்திரையில் முட்டை வந்தது. அவித்த முட்டை, உதிர்த்தது, ஓடும் நொறுக்கிச் சேர்த்தது. மைனாக்கள் அலகு நிறைய எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கத்துத் தென்னைக்குப் பறந்து பறந்து திரும்பின. குஞ்சு பொரித்திருக்கின்றன என்று தெரிந்தது. ஆன்ட்டியும் அந்த மாதங்களில் முட்டைதான் வைப்பார். குஞ்சுக்குப் பழம் போதாது என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அன்று கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது, "காக்கா முட்டை அவிக்காது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேட் சாவியை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போனார். நான் தெருவிலேயே நின்றேன். முன்கதவுப் பூட்டு அப்படியே இருந்தது. கதவின் கம்பிகளில் ஒட்டடை. பக்கவாட்டுச் சந்தில் காய்ந்த தென்னை மட்டைகள் விழுந்து அடைத்துக்கொண்டிருந்ததால் பின்பக்கம் போக முடியவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. திரும்பி வந்தவர், "யாரும் கெடையாது. கதவத் தொறந்து மாசக்கணக்காச்சு" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "அவங்க பையனுக்குப் போன் பண்ண வேணாம். என்னன்னு சொல்லுவ? யாரோ மைனாவுக்கு முட்டை வெக்கறாங்கன்னா?" என்றார்.

தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அக்காவிடம் துணி கொடுக்கப் போனபோது பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். விசிறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இன்னா, இப்பத்தான் தெரியுமா உனுக்கு? அந்தம்மா அங்கதான் கீது. காலங்காத்தால கொரல் குடுக்குது. நான் அந்தப் பக்கம் துணி வாங்கப் போறதையே வுட்டுட்டேன்."

"நீங்க கேட்டீங்களா அக்கா?"

"கேட்டுகினுதானே சொல்றேன். குருவிய இட்டாறதுக்கு ஒரு மாரி கூப்புடும்ல, அதே கொரலு. ஒண்ணும் பண்ணாது. நல்ல பொம்பள. இருந்துட்டுப் போவட்டும்." மறுபடியும் விசிற ஆரம்பித்தார்.

என் காதில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் ஆறுதல் வரும் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன். அதுவரை அது எனக்குள் கேட்ட சத்தம். இனிமேல் அது வெளியே இருக்கிறது. மதியம் ஜன்னலைச் சாத்திப் படுத்தாலும் அந்தப் பக்கத்துச் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுக்க முடியவில்லை.

ஆனாலும் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மதிலில் என்ன இருக்கிறதோ அதையே மறுநாள் நானும் என் சுவரில் வைக்க ஆரம்பித்தேன். ஆடி மாதம் காற்று வந்தது. கம்பு வைத்தால் ஒரு மணிகூட மதிலில் தங்காது. அங்கே கேழ்வரகுக் களி சின்னச் சின்ன உருண்டைகளாக வந்தது. நானும் களி கிண்டினேன். ஆவணியில் ஊறவைத்த பச்சைப்பயறு. நானும் ஊறவைத்தேன். தவிட்டுக்குருவிகளும் கொண்டைக்குருவிகளும் என் பக்கமும் வரத் தொடங்கின. மைனாக்கள் மட்டும் அங்கேதான். இறந்துபோன ஒருவரிடம் ஒரு வருஷத்துச் சமையலைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததும் உடம்பு சிலிர்க்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்து ஏரி நிரம்பி, தெருக்கோடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மழை தொடங்கியதும் தீனி மதிலிலிருந்து சன்ஷேடுக்குக் கீழே போய்விட்டது. மாடியிலிருந்து எனக்கு அது தெரியாது. மைனாக்கள் அங்கே நுழைந்து நுழைந்து வருவதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

ஒரு நாள் அவை நுழையவில்லை. மதிலில் நனைந்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஆன்ட்டி இறந்த வாரத்தில் உட்கார்ந்திருந்தது போல. மறுநாளும் அப்படியே. அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. வெளிச்சம் வந்துவிட்டது. குரல் கேட்டது. த்சு, த்சு, த்சு. வாஆ. நிறுத்தி, மறுபடியும். வழக்கமாக ஒரு தடவைதான் கேட்கும். அன்று விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. பறவைகளைக் கூப்பிடுகிற குரலாக அது இல்லை. என்னைக் கூப்பிடுகிறது என்று தோன்றியது.

கணவர் கிளம்பிப் போயிருந்தார். கேட் சாவியை எடுத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தேன். சந்தில் கிடந்த மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த மட்டையை இழுத்தேன்.

பின்பக்கம் திரும்பியதும் முதலில் பார்த்தது ஒரு மைனாவைத்தான். சன்ஷேடின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தது. கழுத்தை உப்பி, அலகைத் திறந்து, 'த்சு, த்சு, த்சு' என்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டது. 'வாஆ' என்றது. ஆன்ட்டியின் குரல், அந்த இழுப்போடு, அந்த மெல்லிசோடு, ஒரு கறுத்த தொண்டையிலிருந்து வந்தது.

என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பதிலாக, பின்கதவின் கிரில்லுக்குள் இருட்டிலிருந்து, மிகத் தணிந்த குரலில் யாரோ சொன்னார்கள்.

"சத்தம் போடாதம்மா. அது போயிடும்."

கிரில்லைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது அங்கிள். தாடி மார்பு வரை வளர்ந்திருந்தது. ஆன்ட்டியின் பழைய சால்வையைப் போர்த்தியிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனா இன்னொரு தடவை கூப்பிட்டது. அது முடியும் வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாளா காய்ச்சல். எழுந்திரிக்க முடியல. அதுக்கு ஒண்ணும் வெக்கல. உள்ள வறுத்த வேர்க்கடலை இருக்கும்மா, டப்பாவுல. உப்புப் போடாதது. நுணுக்கி, ஈரம் படாம அந்த மூலைல வெச்சிடு. வெச்சிட்டு உள்ள வந்துடு, நீ நின்னா அது இறங்காது."

கிரில்லின் கொண்டியை உள்ளிருந்து அவரே தள்ளினார். உள்ளே போனேன். சமையலறையில் ஒரு கெட்டில், ஒரு டார்ச், டப்பாக்கள். கெட்டிலில்தான் முட்டை அவித்திருக்கிறார். கடலையை அம்மிக்குழவியால் நுணுக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். கொதித்தது.

கணவருக்குப் போன் செய்து வரவழைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து கேம்ப் ரோடு பக்கம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, இரத்தம் எடுத்தார்கள். வெறும் வைரல் காய்ச்சல்தான். எங்கள் வீட்டு ஹாலில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்தேன். காய்ச்சல் விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மாசி மாதம் சில துணிமணிகளை எடுத்துக்கொண்டு போகத்தான் பெங்களூரிலிருந்து தனியாக வந்திருக்கிறார். ஒரு இரவு தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். விடியற்காலையில் ஆன்ட்டி கூப்பிடுவது கேட்டிருக்கிறது.

"அரைத்தூக்கம். 'இவளுக்கு வேற வேலை இல்ல'ன்னு திட்டிக்கிட்டே எழுந்தேன்மா. வழக்கம் போல. கதவத் தொறந்தப்புறம்தான் அவ இல்லேங்கறது ஞாபகம் வந்துச்சு. ஆனா கூப்பிடறது நிக்கல."

மறுநாளும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்திருக்கிறார். அதற்கு மறுநாளும். திருநெல்வேலியில் தம்பி வீட்டில் இருப்பதாக மகனிடம் சொல்லிவிட்டார். தம்பியும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். காலி மனைப் பக்கம் இருக்கும் சின்னக் கேட் வழியாக, இருட்டிய பிறகு மாஸ்க்கும் குல்லாயும் போட்டுக்கொண்டு வெளியே போய், தூரத்துக் கடைகளில் சாமான் வாங்கியிருக்கிறார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"உங்கிட்டதான்மா சொல்லக் கூடாது. நீ போன் பண்ணுவ. அவன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான், வீட்ட பில்டர்கிட்ட குடுத்துடுவான். மரத்த எல்லாம் வெட்டிட்டா அது எங்க வரும்? உன் ரூம் லைட்டத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன். அது அணைஞ்சா நீ மேல வருவ. அதுக்கு முன்னாடி வெச்சிடுவேன்."

இத்தனை மாதமும் அந்த இருட்டிலிருந்து ஒருவர் என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னபோது கோபம் வரவில்லை. ஆனால் அன்று வேலைக்கு உட்காருவதற்கு முன் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

எந்த மாதத்துக்கு எந்தத் தீனி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"அவ வெச்சத நான் ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல. ஆனா திட்டினதெல்லாம் ஞாபகம் இருக்கு. வெயில் காலத்துல, 'எனக்கு வெட்டி வெச்ச பப்பாளி எங்க'ன்னு கத்துவேன். கொஞ்ச நாள் போனா, 'மைனாவுக்கு முட்டை, எனக்கு ரசமா'ம்பேன். காத்து காலத்துல களி கிண்டின சட்டிய ஊறப்போட்டிருப்பா, அதுக்கு ஒரு சண்டை. அந்தச் சண்டைகள ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்து வெச்சேன். தப்பா வெச்சா அது வராது. ஒரு தடவ சாதம் வெச்சேன், நாலு நாள் வரல. செத்துடலாம்னு இருந்துச்சு."

மகனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். என் எதிரிலேயே போன் செய்தார். அந்தப் பக்கத்தில் மகன் கத்துவது எனக்கும் கேட்டது. அங்கிள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "வந்து கேளு. அவ்வளவுதான் சொல்றேன். வந்து ஒரு தரம் கேளு" என்றார்.

சனிக்கிழமை மகன் வந்தார். ஞாயிறு விடியற்காலையில் நாங்கள் மூன்று பேரும் பின்கதவுக்குள் உட்கார்ந்திருந்தோம். அங்கிள் கடலையை நுணுக்கி வைத்திருந்தார். மைனா வந்தது. தின்றது. அலகைச் சன்ஷேடில் தேய்த்தது. எங்களைப் பார்த்தது. கூப்பிடவில்லை. திங்களும் கூப்பிடவில்லை. செவ்வாயும்.

"நானும் கேட்டேன் தம்பி" என்றேன். "தெருமுனை இஸ்திரி அக்காவும் கேட்டிருக்காங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "உங்களுக்கு நைட் ஷிஃப்ட்தானே அக்கா?"

எனக்கு முகம் சுட்டது.

ஆனால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாமல்தான் அவர் திரும்பினார். என்ன நினைத்தார் என்று தெரியாது. போவதற்கு முன் சமைக்க ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தார். டாக்டரிடம் பேசினார். கேட் சாவியை நான் நீட்டியபோது, "நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். பில்டர் பேச்சு நிற்கவில்லை, தள்ளிப்போயிருக்கிறது என்று பிறகு அங்கிள் சொன்னார்.

மழை ஓய்ந்து மார்கழி வந்ததும் மைனாக்கள் குறைந்தன. குளிர்காலத்தில் அவை ஏரிக்கு அந்தப் பக்கம் பெரிய கூட்டமாகப் போய் அடையும். அந்த மைனாவும் வரவில்லை. அங்கிள் கம்பும் நொய்யும் மாறி மாறி வைத்தார். தேங்காய்த் துருவல் வைத்துப் பார்த்தார். முட்டைகூட வைத்தார். தாடியை எடுத்து, வெளிச்சத்தில் நடமாடி, தெருவில் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தவர் மறுபடியும் பேச்சைக் குறைத்தார். மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "வேற வீட்டுக்குப் போயிருக்கும்மா. அங்க யாராவது நல்லா வெப்பாங்க" என்பார். அடுத்த நிமிஷமே, "பருந்து எதாவது தூக்கியிருக்குமோ" என்பார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் வேலை முடித்துப் படியேறும்போது கேட்டேன். த்சு, த்சு, த்சு. வாஆ. எத்தனை சந்தோஷமாக ஓடினேன் என்று சொல்ல முடியாது. அங்கிளைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்துக்கொண்டே மாடிச் சுவருக்கு வந்தேன்.

பனி. மதிலில் மைனா இல்லை. சன்ஷேடிலும் இல்லை. முருங்கை மரத்தடியில் அங்கிள் நின்றிருந்தார், எனக்கு முதுகைக் காட்டியபடி, கொட்டாங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு. ஆன்ட்டியின் சால்வை தோளில் இருந்தது. தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்தார். கூப்பிட்டார்.

ஒரு ஆண் பெண் குரலில் பேசிக் காட்டுகிற மாதிரி அது இல்லை. அவருடைய கரகரப்பு அதில் கொஞ்சமும் இல்லை. அது ஆன்ட்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் நான் சத்தியம் செய்திருப்பேன். மறுபடியும் கூப்பிட்டார். ஏரிப்பக்கத்துத் தென்னைகளிலிருந்து முதலில் இரண்டு, பிறகு ஒரு கூட்டமே எழும்பி வந்து மதிலில் இறங்கியது. அவர் கைக்கு அத்தனை அருகில் அவை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு மைனா அவர் தோளில், அந்தச் சால்வையின் மேல் உட்கார்ந்தது.

நான் சத்தம் வராமல் பின்னால் நகர்ந்து படியிறங்கிவிட்டேன்.

கீழே கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "மைனா வந்துடுச்சா? இப்பத்தான் சத்தம் கேட்டுச்சு" என்றார்.

"வந்துடுச்சு" என்றேன்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கிளிடமும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறார், மகன் மாதம் ஒரு முறை வந்து பார்க்கிறார். சில நாள் அந்தக் குரல் மதிலிலிருந்து கேட்கும், சில நாள் மரத்தடியிலிருந்து, சில நாள் இரண்டு பக்கமிருந்தும். எது யார் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வாரம் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நேற்று சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பாதிப் பப்பாளியை நீட்டி, "நாளைலேருந்து கம்பு வேணாம்மா, இத வெய்யி" என்றார். வாங்கிக்கொண்டேன். தோல் சீவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.